மேல் லயத்துக்கு எது வழி?

"எதிர் மேட்டுல விளக்கு சுத்துது தம்பி. நல்லா தெரியுது. ஆனா இங்க வர மாட்டேங்குது."

சென்ற ஆண்டு ஒரு மழை இரவில், பிரிஞ்சாங்கிலிருந்து அத்தை தொலைபேசியில் இப்படிச் சொன்னார். மாமாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. வலக்கையைத் தூக்க முடியவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது வந்துதான் இருந்தது. ஆனால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், தேயிலைக்கு நடுவே, பூட்டிய இரும்புக் கேட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தது. கைப்பேசி வரைபடம் அங்கேதான் கொண்டுபோய் விட்டிருந்தது.

நான் இருப்பது ஈப்போவில். சிம்பாங் பூலாய் வழியாக விரட்டிக்கொண்டு ஏறினாலும் ஒன்றரை மணி நேரம். தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, அத்தை பார்க்கும் விளக்கை நானும் பார்ப்பது போலத் தவித்ததுதான் மிச்சம். கடைசியில் தோட்டத்துப் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் இறங்கிப்போய், வண்டியை ரிவர்ஸ் எடுக்க வைத்து, சரியான வழியில் கூட்டிவந்தான். மொத்தம் ஐம்பது நிமிடத் தாமதம்.

பக்கவாதம் என்றால் நேரம்தான் மருந்து என்பார்கள். சிகிச்சை இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் மூளையில் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது மருத்துவர்களின் கணக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மாமா பிழைத்துவிட்டார். வலக்கை மட்டும் திரும்பவில்லை, பேச்சும் குழறுகிறது. அந்த ஐம்பது நிமிடம் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் மட்டும் இரவில் படுத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

எந்தச் செயலி, யாருடைய ஆம்புலன்ஸ் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஓட்டுநர் மீது எனக்குக் கோபமே இல்லை. கும்மிருட்டு, மழை, மூடுபனி; கையில் இருந்த ஒரே துணை அந்தத் திரை. அவரிடத்தில் நான் இருந்தாலும் அதையே நம்பியிருப்பேன். கொடுமை என்னவென்றால், மாமா முப்பது வருடம் அந்தத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். எந்த வளைவில் சக்கரம் வழுக்கும், எந்தப் பாலம் எத்தனை மூட்டை தாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த மலையில் வழி தெரிந்தவர்களில் முதல் ஆள் அவர். அவருக்குத்தான் வழி கிடைக்காமல் போயிற்று.

கேமரன் மலைக்கும் வரைபடத்துக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒரு ராசிக்கேடு உண்டு. 1885இல் வில்லியம் கேமரன் என்ற பிரிட்டிஷ் அரசாங்க நில அளவையாளர் இந்தப் பக்கம் வந்து, மலைகளுக்கு நடுவே ஒரு மேட்டுநிலத்தைப் பார்த்ததாக எழுதினார். ஆனால் அதை வரைபடத்தில் சரியாகக் குறித்து வைக்கவில்லை. மறுவருடமே இறந்தும் போனார். அவர் சொன்ன இடம் எது என்று பின்னால் வந்தவர்கள் வெகுகாலம் தேடினார்கள். 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் இங்கே மலைநகரம் அமைக்கும் வேலை சூடுபிடித்தது. 1929இல் போ தேயிலைத் தோட்டம், பிறகு மற்றத் தோட்டங்கள், அவற்றோடு நம் ஆட்களின் லயங்கள். வரைபடக்காரர் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் வரைபடம் சரியில்லை என்றால் சிரிப்பதா அழுவதா?

மாமா மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு, ஆண்டு இறுதி விடுமுறையில் நானும் மகளும் மூன்று நாள் பிரிஞ்சாங்கில் தங்கினோம். மகள் சைபர்ஜெயாவில் கணினி வேலை பார்க்கிறாள். திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, "தப்பு எங்கன்னு முதல்ல பார்ப்போம்பா," என்றாள்.

தப்பு ஒன்றல்ல, மூன்று இருந்தது.

முதலாவது, தேயிலைக்கு நடுவே கொழுந்து மூட்டை ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்கள் போகும் மண்தடம், வரைபடத்தில் சாதாரண வீதியாக இருந்தது. விண்ணிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவரோ ஒரு கணினியோ கோடு போட்டால் இப்படித்தான் ஆகும். மேலேயிருந்து பார்த்தால் தாரும் மண்ணும் ஒரே நிறம். கேட் தெரியாது, பூட்டு தெரியவே தெரியாது. அந்தத் தடம் குறுக்கு வழி என்பதால் கணினி அதைத்தான் தேர்ந்தெடுக்கும். வழி சொல்லும் நிரல் பாவம், கோடுகளின் நீளத்தையும் வேகத்தையும் கூட்டிப் பார்த்து எது குறைவோ அதைச் சொல்கிறது.

இரண்டாவது, மேல் லயத்துக்குப் போகும் உண்மையான வழி, முந்நூறு மீட்டர் தள்ளி முடிந்துவிட்டதாக இருந்தது. மலைச்சரிவும் மரநிழலும் விழுந்த இடம். படத்தில் பாதி நேரம் மேகம். பிரிஞ்சாங் மலை உச்சி 2,000 மீட்டருக்கு மேல். இங்கே மேகம் மறைக்காத படம் கிடைப்பதே அபூர்வம். செங்குத்தான சரிவுகளில் படமே சில மீட்டர் நகர்ந்து விழும் என்று மகள் சொன்னாள். அதனால் படத்தை மட்டும் நம்பி வரைந்தால் சாலை பள்ளத்தில் இறங்கிவிடும்.

மூன்றாவது, லயத்துக்குப் பெயரே இல்லை. அத்தை ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொன்னது "மேல் லயம், பழைய பிள்ளைக்காம்பரா பக்கத்துல." அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதைவிடத் துல்லியமான முகவரி கிடையாது. வரைபடத்தில் அந்த இடம் முழுக்க ஒரே பச்சை. தோட்டத்தின் பெயர் மட்டும் நடுவில் ஒரு முறை. தேடினால் புள்ளி விழுவது தோட்டத்தின் நடுமத்தியில், அதாவது யாரும் குடியிருக்காத சரிவில்.

"வழி தெரியலன்னா யாரையாவது கேட்டா சொல்லப்போறாங்க," என்று அத்தை இன்னும் சொல்கிறார். ஒரு காலத்தில் அது உண்மை. இன்று கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். பிள்ளைக்காம்பரா என்றால் அவர்களுக்கு என்ன தெரியும்? தெரிந்த நம் பிள்ளைகள் ஈப்போவிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வழியில் நின்று கேட்க ஆளில்லாத காலத்தில்தான் ஊர் திரையை நம்பத் தொடங்கியிருக்கிறது.

இந்தக் கோளாறு நம் மலைக்கு மட்டும் வந்ததல்ல. 2012இல் ஆஸ்திரேலியாவின் மில்டூரா நகரை ஆப்பிள் வரைபடம் சுமார் எழுபது கிலோமீட்டர் தள்ளி, தண்ணீரில்லாத ஒரு தேசியப் பூங்காவுக்குள் காட்டியது. போனவர்கள் மாட்டிக்கொள்ள, அந்த மாநிலப் போலீஸ் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு பவளக் கடலில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள், கூகுள் வரைபடத்தில் இருந்த ஒரு தீவைத் தேடிப் போனார்கள். அங்கே ஆழ்கடல்தான் இருந்தது. பெரிய நிறுவனங்கள் பிறகு திருத்திக்கொண்டன. மில்டூரா ஒரு நகரம், உலகச் செய்தியானது. மேல் லயத்தில் இருப்பது பதினோரு வீடு.

நாங்கள் திருத்தியது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில். 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் என்ற ஆங்கிலேயர் தொடங்கியது. விக்கிப்பீடியா போல, யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து வரையலாம். இன்று ஒரு கோடிப் பேருக்கு மேல் பதிவு செய்திருக்கிறார்கள். அதன் தரவைப் பல நிறுவனங்கள் எடுத்துப் பயன்படுத்துகின்றன. நம் பக்கத்தில் கிராப் கூட அதைப் பயன்படுத்துவதோடு திருத்தவும் செய்கிறது. கூகுள் வரைபடத்திலும் தவறைச் சுட்டிக்காட்டலாம், நாங்கள் அதையும் செய்தோம். அங்கே நாம் சொல்வது யோசனை, ஏற்பதும் விடுவதும் அவர்கள் முடிவு. இங்கே நாமே வரைகிறோம். ஒரே ஒரு கண்டிப்பு: இன்னொரு வரைபடத்தைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது. கால் பதித்த இடம், கண்ணால் கண்டது, அனுமதி உள்ள விண்படம், இவ்வளவுதான்.

தோட்டத்துக்குள் போவதற்கு முதலில் மேனேஜரைப் பார்த்தோம். அவர் கவலை நியாயமானது. வார இறுதியில் கியா பார்ம் பக்கம் நெரிசல் என்றால், சுற்றுப்பயணிகளின் கார்கள் குறுக்கு வழி தேடித் தோட்டத்துக்குள் நுழைந்து, கொழுந்து லாரியை மறித்துக்கொண்டு நிற்கின்றன. "நீங்க இன்னும் நல்லா வரைஞ்சா இன்னும் அதிகமா வருவானுங்க," என்றார். இல்லை, சரியாக வரைந்தால் வர மாட்டார்கள் என்று மகள் விளக்கினாள்.

அவள் சொன்னது எனக்கே புதிதாக இருந்தது. கோடு போடுவது வேலையில் கால்வாசிதான். அந்தக் கோடு எப்படிப்பட்டது என்று சொல்வதுதான் மீதி. தாரா, மண்ணா? எத்தனை அடி அகலம்? கேட் எங்கே? யார் போகலாம்? லேண்ட் ரோவர் தடத்தை விவசாயத் தடம் என்று குறித்து, கேட் இருக்கும் புள்ளியில் கேட்டை வைத்து, தனியார் வழி என்று போட்டால், கார் ஓட்டுகிறவருக்கு வழிசொல்லும் செயலிகள் பொதுவாக அதைத் தவிர்த்துவிடும். அதற்காக லயத்துக்குப் போகும் சாலையையும் தனியார் என்று குறித்துவிட்டால் போச்சு, ஆம்புலன்ஸுக்கும் வழி அடைபட்டுவிடும். அதற்கு நடுவில் ஒரு வகை இருக்கிறது: கடந்து போகிறவர்களுக்கு இல்லை, அங்கே வேலையாக வருகிறவர்களுக்கு உண்டு. ஒரே தோட்டம், அடுத்தடுத்த இரண்டு சாலை, இரண்டு வேறு அடையாளம். இந்தச் சின்ன வித்தியாசத்தை எந்த விண்படமும் சொல்லாது. அங்கே வாழ்கிறவர்தான் சொல்ல முடியும்.

மேனேஜர் சம்மதித்தார். மாமா முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று நாளும் அவர்தான் வழிகாட்டி. பேச்சு குழறினாலும் இடக்கை தெளிவாகப் பேசியது. வளைவு வரும் முன்பே உள்ளங்கையைக் கீழே அமுக்கி மெதுவாகப் போகச் சொல்வார். ஓரிடத்தில் ஓங்கி டாஷ்போர்டைத் தட்டினார். நிறுத்திப் பார்த்தால், பாதிச் சாலை மழையில் சரிந்து மூங்கில் வேலி போட்டிருந்தது. மகளின் கைப்பேசி நாங்கள் போன பாதையைப் புள்ளி புள்ளியாகப் பதிந்துகொண்டே வந்தது. திறந்த வானத்தில் கைப்பேசி ஜி.பி.எஸ். சுமார் ஐந்து மீட்டருக்குள் சரியாக இருக்கும். மலையிடுக்கில் இன்னும் தடுமாறும். அதனால் ஒரே வழியில் மூன்று தரம் போய், மூன்று கோட்டுக்கும் நடுவில் சாலையை வைத்தோம். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசாங்கம் பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ்.ஸை வேண்டுமென்றே நூறு மீட்டர் வரை பிசகும்படி வைத்திருந்தது. அந்தக் காலமாக இருந்திருந்தால் மேல் லயத்தை ஆற்றுக்குள் வரைந்திருப்போம்.

போகிற வழியில் எனக்கு ஒன்று உறைத்தது. மாமாவும் அத்தையும் இடது, வலது என்று வழி சொல்வதே இல்லை. "மேல போ, கீழ இறங்கு, மறுபடி மேல ஏறு." மலையில் திசை என்பது உயரம்தான். திரையிலோ உயரம் என்ற ஒன்றே இல்லை. மேல் லயமும் கீழ் லயமும் வரைபடத்தில் ஒரு விரல் நகத்தின் தூரம். சாலையில் மூன்று கிலோமீட்டர். சமவெளி நகரத்துக்காக வடிவமைத்த படத்தை மலையின்மேல் போர்த்தியிருக்கிறார்கள். 1931இல் ஹாரி பெக் லண்டன் சுரங்க ரயிலுக்குப் படம் வரைந்தபோது உண்மைத் தூரத்தையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு நிலையங்களின் வரிசையை மட்டும் வைத்தார். ரயிலில் போகிறவனுக்கு அது போதும். இன்றும் உலகம் கொண்டாடுகிறது. தேயிலைச் சரிவில் இரவு நேரத்தில் ஏறுகிறவனுக்கு அது போதாது. எந்தப் பக்கம் சரிவு, எந்தச் சாலை செங்குத்து என்று பார்த்ததும் தெரிய வேண்டும். ஓப்பன்டோபோமேப் என்ற பக்கத்தில் அதே தரவைச் சம உயரக் கோடுகளுடன் பார்க்கலாம். மாமாவிடம் சாதாரணப் படத்தைக் காட்டியபோது உதட்டைப் பிதுக்கினார். இதைக் காட்டியதும் கோடுகள் நெருங்கும் இடத்தில் விரலை வைத்து, "வழுக்கும்," என்றார். அன்று அவர் தெளிவாகச் சொன்ன முதல் சொல் அது.

வீதியின் நிறமும் அப்படித்தான். எல்லாச் சாலையும் ஒரே வெள்ளைக் கோடாக இருந்தால் ஓட்டுகிறவர் எதை நம்புவார்? மண்சாலையைப் புள்ளிக்கோடாகக் காட்டும் வரைபடங்கள் இருக்கின்றன. அந்த இரவில் ஓட்டுநர் திரையில் ஒரு புள்ளிக்கோடு தெரிந்திருந்தால், திரும்பும் முன் ஒரு நொடி யோசித்திருப்பார்.

2015 சென்னை வெள்ளத்தின்போது அருண் கணேஷ் என்ற வரைபடக்காரரும் நண்பர்களும் இதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தெருக்களை வைத்து ஒரு பக்கம் அமைத்தார்கள். தண்ணீர் நிற்கும் தெருவை யார் வேண்டுமானாலும் தொட்டுக் குறிக்கலாம். சில நாட்களில் 2,000க்கும் மேற்பட்ட தெருக்கள் குறிக்கப்பட்டன. பலரும் அந்தச் சில நாட்களின் வேகத்தைத்தான் பாராட்டுவார்கள். எனக்குத் தோன்றுவது வேறு: தொடுவதற்குத் தெரு அங்கே ஏற்கெனவே இருந்தது. வெள்ளம் வராத நாட்களில், யாரும் கேட்காமல், சம்பளமில்லாமல் யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு சந்தாக வரைந்து வைத்திருந்தார்கள். இலங்கையில் மட்டக்களப்புப் பகுதியிலும் பேரிடர் ஏற்பாடாக வீடுகளை ஒவ்வொன்றாக இதில் வரைந்தார்கள். மழை வந்த பிறகு வரைய நேரம் இருக்காது.

எல்லாவற்றையும் வரைந்துவிட வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. இதில் மகளுக்கும் எனக்கும் வாக்குவாதமே வந்தது. பாசிக் காட்டுக்குள் மூங்கில் வெட்டப் போகும் ஒற்றையடிப் பாதையொன்றை மாமா காட்டினார். மகள் அதையும் சேர்க்க வேண்டும் என்றாள். இருப்பது எல்லாம் வரைபடத்தில் இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. நான் வேண்டாம் என்றேன். திரையில் ஒரு கோடு தெரிந்தால் அடுத்த வாரம் அங்கே நாலு பேர் ஸ்போர்ட்ஸ் ஷூவோடு நிற்பார்கள். 1967 மார்ச்சில் தானா ராத்தா பக்கம் நடக்கப் போன பட்டு வியாபாரி ஜிம் தாம்சனை நூற்றுக்கணக்கானோர் தேடியும் இன்றுவரை தடயமில்லை. இந்தக் காடு அப்படிப்பட்டது. செமாய் மக்களின் குடியிருப்புகளுக்குப் போகும் நடைபாதைகளும் அப்படியே. அவர்கள் வீட்டு வாசலை உலகத்துக்குக் காட்டலாமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். அந்தப் பாதைகளை விட்டுவிட்டோம். மகள் முழுமனதோடு விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயரில்தான் அதிக நேரம் போயிற்று. மலாயில் என்ன எழுதுவது, தமிழில் என்ன எழுதுவது? இந்த வரைபடத்தில் ஒரே இடத்துக்குப் பல மொழிகளில் பெயர் தரலாம். தமிழுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் தேட முடிய வேண்டும் என்பதால் அத்தை சொன்ன பெயரை ரோமன் எழுத்திலும், தமிழ்க் கட்டத்தில் 'மேல் லயம்' என்றும் பதிந்தோம். வளைவில் இருக்கும் முனியாண்டி கோயில், தண்ணீர்த் தொட்டி, லாரி திருப்பும் இடம். தேடுகிறவருக்குக் கண்ணில் படும் அடையாளங்கள் இவை.

உங்களுக்கும் இப்படி ஒரு தோட்டம் இருக்கும். பெற்றோரோ தாத்தா பாட்டியோ இன்னும் அங்கே இருக்கக்கூடும். அடுத்த முறை போகும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அடுத்த ஊரிலிருந்து அந்த வாசலுக்கு வழி கேளுங்கள். திரை சொல்லும் வழியில் நீங்களே ஒருமுறை ஓட்டிப் போங்கள், பகலில். தவறாக இருந்தால், வரையத் தெரியாதவர்களுக்கும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்று ஒரு ஆண்ட்ராய்டு செயலி உண்டு. இந்தச் சாலை தாரா மண்ணா, இந்த வீட்டு எண் என்ன என்று கேட்கும், பதிலைத் தட்டினால் போதும். திருத்தம் மூல வரைபடத்தில் சில நிமிடங்களில் ஏறிவிடும். மற்றச் செயலிகளுக்குப் போய்ச்சேர வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதுவரைக்கும் வாசலின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அத்தை வீட்டுச் சுவரில் இப்போது காலண்டருக்குக் கீழே அது இருக்கிறது. தொலைபேசியில் எண்களைப் படிக்க அத்தைக்குப் பயிற்சியும் கொடுத்தாயிற்று. நடுவில் புள்ளி இருப்பதை மட்டும் விட்டுவிடுகிறார்.

கிளம்பும் நாள் காலை. மகள் மடிக்கணினியில் முடிந்த படத்தைக் காட்டினாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நடு லயம் எங்க?" என்று கேட்டார்.

நடு லயத்தை இடித்துப் பல வருடமாகிறது. இப்போது அங்கே தேயிலை. தரையில் இல்லாததை இந்த வரைபடத்தில் போட முடியாது என்று மகள் சொன்னாள். அத்தைக்கு அது சரியாகப் படவில்லை. "நான் கல்யாணமாகி வந்த வீடு அங்கதான் இருந்துச்சு," என்றார்.

மகள் மடிக்கணினியை மூடிவிட்டு, பையிலிருந்து ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்தாள். அத்தை ஒவ்வொரு வீடாகச் சொல்லத் தொடங்கினார். முதல் வீட்டில் யார், அடுத்ததில் யார், குழாயடி எந்தப் பக்கம். இடையில் ஒரு வீடு விட்டுப்போனபோது, மாமா இடக்கையால் நோட்டில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.